மதுரைப் புழுதியில் ஒரு நூறு சிசி வண்டி

வண்டி வாங்கும்போது கொடுக்கும் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை ஒன்று இருக்கும். அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும்: தூசி மிகுந்த இடங்களில் ஓட்டுபவர்கள் இந்த வேலைகளை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். மதுரைக்காரர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான். ஒத்தக்கடை தாண்டி மேலூர் பக்கம் போனால் லாரிகள் கிளப்பும் செம்மண். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல். நகருக்குள் எப்போதும் ஏதாவதொரு தெருவில் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் தெருவை வாய்க்காலாக்கும். அட்டவணை சொல்லும் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து வேலையைச் செய்தால்தான் இந்த ஊரில் வண்டி தாங்கும். நான் குறைத்துத்தான் செய்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இந்த அத்தியாயம் ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, டி.வி.எஸ். ஸ்போர்ட், ஷைன் 100 போன்ற நூறு, நூற்றுப்பத்து சிசி வண்டிகளைப் பற்றியது. வீட்டில் வைத்துப் பழகுவதற்கு இவற்றை விட நல்ல வண்டி கிடையாது. 1994இல் ஸ்ப்ளெண்டர் வந்தபோது அதன் இன்ஜின் 97.2 சிசி, இன்றைக்கும் அதே அளவுதான். இப்படி ஆண்டுக்கணக்கில் மாறாத வடிவமைப்பு என்பதால் உசிலம்பட்டியில் ஒரு சின்னக் கடையில் கேட்டாலும் கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10, 12, 14, 17 எண் ரிங் ஸ்பானர்கள், அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்று, வண்டியோடு வந்த ப்ளக் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், டயர் காற்று பார்க்கும் கேஜ், பழைய பல் துலக்கும் பிரஷ், பனியன் வேஸ்ட் துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயில், கிரீஸ். ஸ்பானரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். வாய் விரிந்த ஸ்பானர் நட்டின் மூலைகளை வழித்துவிடும்; அதன் பிறகு அந்த நட்டைக் கழற்ற உளியும் சுத்தியலும்தான்.

செயின்

வீட்டு வேலைகளில் அதிகப் பலன் தருவது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த ரக வண்டிகள் பலவற்றில் செயினை முழுதாக மூடிய தகரக் கவர் இருக்கும். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. நம் ஊர்ச் சாலைக்கென்றே அளந்து செய்தது போன்ற பாகம் அது; தயவுசெய்து கழற்றாதீர்கள். செயினுக்குள் போகும் மண், எண்ணெயோடு குழைந்து உப்புத்தாள் போல ஒவ்வொரு பின்னையும் தேய்க்கும். கவர் இருக்கும் வண்டியில் செயின் செட் நெடுநாள் வரும். திறந்து கிடக்கும் வண்டியில் பாதியிலேயே ஸ்பிராக்கெட் பல் கூர்ந்து சாய்ந்துவிடும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் வையுங்கள். இன்ஜின் ஓடக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கவரின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்தால் செயினின் கீழ்ப்பகுதி தெரியும். நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் மொத்த ஆட்டம் 25 மில்லிமீட்டர் அளவில், அதாவது ஓர் அங்குலம் இருந்தால் சரி. உங்கள் வண்டிக்கான கணக்கைக் கையேட்டில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். தேய்ந்த செயின் ஓரிடத்தில் தொங்கும், இன்னோரிடத்தில் விறைக்கும். எங்கே மிகவும் விறைப்பாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் அளவு பிடிக்க வேண்டும்.

இறுக்குவதற்குப் பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டரை ஒரே அளவாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் கோடுகள் போட்டிருக்கும். இடம், வலம் இரண்டிலும் குறி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சக்கரம் கோணலாக ஓடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். அச்சு நட்டை முழு பலத்தோடு இறுக்கிய பிறகு பலரும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. சக்கரம் பின்னால் நகர்ந்திருப்பதால் பிரேக் ராடும் விறைத்திருக்கும். பின் பிரேக் பெடலின் ஆட்டத்தை 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள் மறுபடி சரிசெய்யுங்கள். கையோடு பின் விளக்கும் பிரேக் மிதிக்கும்போது எரிகிறதா என்று பாருங்கள். பெடல் ஆட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் பிரேக் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே ஓடும். வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் இல்லை என்று இன்ஜினைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ் போதும். பெட்ரோல் வேண்டாம், ஆபத்து. துடைத்துக் காயவிட்டு எஸ்.ஏ.இ. 90 ஆயிலைச் சொட்டுச் சொட்டாகச் செயினின் உள்பக்கம் விட்டு, சக்கரத்தைச் சுற்றி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். வடித்தெடுத்த பழைய இன்ஜின் ஆயிலைச் செயினுக்கு விடும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அதில் கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கும். மிச்சம் பிடிப்பது சொட்டு ஆயில், இழப்பது செயின்.

செயினைக் கழற்றி மாட்டினால் இணைப்பு லிங்க்கில் இருக்கும் கிளிப்பைக் கவனியுங்கள். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஓட்டத்தில் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

காற்றும் எண்ணெயும்

ஏர் ஃபில்டரை எல்லோரும் ஒரே மாதிரி நடத்துவதுதான் தவறு. பஞ்சு ஃபில்டர் என்றால் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவிப் பிழிந்துவிட்டு மாட்டலாம். எண்ணெய்ப் பசையோடு வரும் காகித ஃபில்டரில் அந்த வேலையைச் செய்யக் கூடாது. அதைக் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது. காற்றடித்தால் பசை போய்விடும், தூசி நேராக இன்ஜினுக்குள் இறங்கும். கருத்துப்போனால் புதிது வாங்கிப் போடுவது ஒன்றே வழி. தினமும் மண் சாலையில் போகிறவர்கள் கையேடு சொல்லும் தூரம் வரை காத்திருக்க வேண்டாம். ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு சின்ன வடிகுழாய் இருக்கும். மழைக்காலத்தில் அதன் மூடியை எடுத்து உள்ளே தங்கிய தண்ணீரையும் எண்ணெயையும் வடித்துவிடுங்கள்.

இன்ஜின் ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை. இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். லேசாகச் சூடான எண்ணெய்தான் முழுதாக இறங்கும். அடியில் அகன்ற தட்டு வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். ஹீரோ வண்டிகளில் அது 17 எண். வாஷரைப் பார்த்து, நசுங்கியிருந்தால் புதிது போட்டு மாட்டுங்கள். இன்ஜின் உடல் அலுமினியம் என்பதை நினைவில் வையுங்கள். பலம் இருக்கிறதென்று முறுக்கினால் மரை போய்விடும். மரை போனால் சின்ன வேலை பெரிய செலவாகும். கையேடு சொல்லும் கிரேடை, சொல்லும் அளவில் மட்டும் ஊற்றுங்கள். கார் ஆயில் வேண்டாம். இந்த வண்டிகளில் கிளட்ச்சும் அதே எண்ணெயில்தான் முழுகிக் கிடக்கிறது, தவறான ஆயில் விட்டால் கிளட்ச் வழுக்கும். அளவு பார்க்கும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் அளவுக் குச்சியைத் திருகாமல் அப்படியே உள்ளே விட்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்ப்ளெண்டரில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலது பக்க மூடிக்குள் ஒரு கம்பி வலையும், சுழற்சியால் அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும் இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய கிளட்ச் பக்க மூடியைத் திறந்தாக வேண்டும். அந்த வேலை பட்டறைக்கு.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நகரின் தெற்கே அது கிருதுமாலில் போய்ச் சேரும், மற்ற இடங்களில் வைகையில். இரண்டும் ஏற்கெனவே தாங்கும் அளவுக்கு மேல் தாங்குகின்றன. பழைய டப்பாவில் அடைத்து மெக்கானிக் கடையில் கொடுத்தால் வாங்கிப் பீப்பாயில் சேர்த்துக்கொள்வார்கள்.

ப்ளக்கைப் பற்றிச் சுருக்கமாக: கழற்றிப் பார்த்தால் முனை காய்ந்த செங்கல் நிறத்தில் இருப்பது நல்லது. கருத்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெக்கானிக்கைப் பாருங்கள். மாட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள்.

பிரேக்கும் டயரும்

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரம் பிரேக்தான். பிரேக்கின் கையை ஒட்டி ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அம்பு டிரம் மூடியில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது என்று பொருள். அட்ஜஸ்டரை மேலும் இறுக்கிச் சமாளிக்க முடியாது. டிரம்முக்குள் சேர்ந்த தூளை வாயால் ஊதாதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கும் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயம். அதன் இணைப்புக் கேபிளை வீட்டில் வைத்துத் தொடாதீர்கள்.

டயர் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் வளர்ந்தது இந்த ஊரில்தான்; மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இயங்கும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலையிலிருந்து வரும் டயர்கள் நாடு முழுக்க இருசக்கர வண்டிகளில் ஓடுகின்றன. எந்த நிறுவனத்தின் டயராக இருந்தாலும் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. கடையில் வெயில் படும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் தொங்கிய டயர் புதிது போலத் தெரியும், ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஸ்ப்ளெண்டருக்கு ஒருவர் போகும்போது முன்னால் 25, பின்னால் 28 என்பது கணக்கு. இருவர் ஏறினால் பின்னால் 40 அளவுக்கு வரும். மதிய வெயிலில் ஓடி வந்த டயரில் காற்றின் அழுத்தம் ஏறியிருக்கும். அதைப் பார்த்து "காத்து ஜாஸ்தி" என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்து நிற்கும்.

மழை நாளில்

வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆற்றோரச் சாலைகளும் தரைப்பாலங்களும் மூழ்கும். தண்ணீர் சைலன்சர் வாயைத் தாண்டும் ஆழம் என்றால் இறங்காதீர்கள். சுற்றிப் போனால் பத்து நிமிடம்தான். தவறி இறங்கி இன்ஜின் நின்றுவிட்டால் அங்கேயே மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து, ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெயை வடிக்காமல் ஓட்டக் கூடாது. தண்ணீரைக் கடந்து வந்துவிட்டால் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள், டிரம் காயும்.

கரிசல் மண்ணில் வேறு தொல்லை. ஈரக் கரிசல் டயரில் ஒட்டிக்கொண்டு வந்து முன் மட்கார்டின் உள்ளே அடைத்து, சக்கரத்தையே பூட்டிவிடும். கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் வயலுக்குப் போகிறவர்கள் சீட்டுக்கு அடியில் ஒரு மரக்குச்சி வைத்திருப்பார்கள், நின்று சுரண்டிவிட்டுப் போக. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சக்கர அச்சு, ஹேண்டில் கழுத்து, சுவிட்ச் இவற்றில் நேராகப் பீய்ச்ச வேண்டாம். கழுவிய பிறகு டீசல் தெளிக்க வேண்டாம். டீசல் பளபளப்பு ஒரு நாள்தான். அது ரப்பரை ஊறவைக்கும், மறுநாள் தூசியை இழுத்து ஒட்டும், டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது.

மாற்றம் செய்வது

இந்த விஷயத்தில் என் விதி ஒன்றுதான்: வெட்டாமல், துளையிடாமல், வெல்டிங் வைக்காமல் செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள். நாளை கழற்றினால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி நிற்க வேண்டும்.

அந்த விதிக்குள்ளேயே செய்வதற்கு நிறைய இருக்கிறது. முன் மட்கார்டின் அடியில் நீளமான ரப்பர் மட் ஃபிளாப் மாட்டினால் இன்ஜின் மீதும் உங்கள் கால் மீதும் சேறு படாது. இருக்கும் போல்ட்டிலேயே மாட்டலாம். சீட்டுக்குத் துணிக் கவர் ஒன்று போட்டால் மதியம் ரெக்சின் சுடாது. போன் சார்ஜ் செய்ய யு.எஸ்.பி. இணைப்பு வைக்கலாம், ஆனால் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும் வயரில் இருந்து, தனி ஃபியூஸ் போட்டு எடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் சாவி இல்லாமலே கரண்ட் போய்க்கொண்டிருக்கும், சின்னப் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். கூடுதல் எல்.இ.டி. விளக்கு வைக்க ஆசைப்படுகிறவர்கள், 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் முன் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு யாருக்கும் வேண்டாம்.

சேலை கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் மிதி மூன்றும் மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதிப்படி கட்டாயம். சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் சொல்வார்கள். கழற்றி வீட்டில் வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள்.

கேரியர் பற்றி ஒரு கணக்கு. இந்த ரக வண்டிகள் பலவற்றின் கையேடு மொத்தச் சுமை 130 கிலோ என்கிறது, ஓட்டுபவரையும் சேர்த்து. இரண்டு பெரியவர்கள் ஏறினாலே அந்த அளவு வந்துவிடும். 40 லிட்டர் கேனில் பால் மட்டுமே 41 கிலோவுக்கு மேல். இரு பக்கமும் இரண்டு கேன், கேன்களின் எடை, 60 கிலோ ஆள் என்றால் 130 தாண்டி வெகு தூரம் போய்விட்டது. மாட்டுத்தாவணிக்கு மல்லிகைப் பூ மூட்டை கொண்டுபோகிறவர்களுக்கு எடைப் பிரச்சினை இல்லை, அகலம்தான் பிரச்சினை: மூட்டை இண்டிகேட்டரையும் பின் விளக்கையும் மறைக்கக் கூடாது. சுமை ஏற்றியே பிழைக்க வேண்டியவர்கள் பின் டயர் காற்றைக் கூடுதல் சுமைக்கான அளவில் வையுங்கள், ஷாக் அப்சார்பரைக் கடினமான படிக்குத் திருப்புங்கள், பிரேக் ஷூவை முன்கூட்டியே மாற்றுங்கள்.

வேண்டாதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை எடுத்தால் சத்தம் மட்டும்தான் கூடும், பி.எஸ்.6 வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் பாகமும் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. அகல டயர் போட்டால் செயினிலும் மட்கார்டிலும் உரசும், மைலேஜ் விழும். கண்ணாடிகளைக் கழற்றுவது தற்கொலைக்குச் சமம். டி.என். 58, 59, 64 எந்தப் பதிவாக இருந்தாலும் எண் பலகையில் எழுத்தை வளைத்து, படம் போட்டு ஓட்டினால் பிடிபடுவீர்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டாப்பெட் அளவு, கிளட்ச் பிளேட், ஹேண்டில் கழுத்து பேரிங், ஃபியூயல் இன்ஜெக்ஷன் கோளாறு, முன் ஃபோர்க் எண்ணெய்க் கசிவு இவை எல்லாம் அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. அவரிடம் போகும்போது என்ன கோளாறு, எந்த வேகத்தில், வண்டி குளிர்ந்திருக்கும்போதா சூடானபோதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். "மிஸ்ஸிங் அடிக்குது" என்பதை விட "நாலாவது கியரில் ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்குது" என்பது அவருக்கு ஒரு மணி நேரத்தையும் உங்களுக்கு ஒரு தேவையில்லாத பாகத்தின் விலையையும் மிச்சப்படுத்தும்.

ஒரு பழைய நோட்டை எடுத்து, ஆயில் மாற்றிய தேதி, மீட்டர் எண், செயின் இறுக்கிய நாள், டயர் வாங்கிய மாதம் எல்லாவற்றையும் எழுதத் தொடங்குங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.